பாதிக் கட்டு

விஷ்ராந்த்வாடியை நடுவில் வைத்து இருபது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், மராத்திய பக்தி வரலாற்றில் பாதி அதற்குள் வந்துவிடும். வடக்கே ஞானேஸ்வரர் சமாதி கொண்ட ஆளந்தி. வடமேற்கே, வட்டத்தின் விளிம்பில், துக்காராம் பிறந்து வளர்ந்த தேஹு. கிழக்கே, பக்கத்திலேயே லோஹகாவ். துக்காராமின் தாயார் பிறந்த ஊர் அது என்று விட்டல பக்தர்களான வார்க்கரிகள் சொல்வார்கள். அதைத் தாண்டினால் வாகோலி, துக்காராமின் பாட்டுச் சுவடிகளை ஆற்றில் போடவைத்த ராமேசுவர பட்டரின் ஊர். ஆண்டுதோறும் ஆனி மாதத்தை ஒட்டி ஞானேஸ்வரரின் பாதுகைப் பல்லக்கு ஆளந்தியிலிருந்து திகி, விஷ்ராந்த்வாடி, எரவாடா வழியாகத்தான் புணே நகருக்குள் நுழைகிறது. மற்ற நாள்களில் இந்தச் சாலையில் காணக் கிடைப்பவை ராணுவப் பொறியியல் ஆய்வு நிலையத்தின் நீண்ட மதில், ஷேர் ஆட்டோக்கள், அடுக்குமாடி வீட்டு விளம்பரங்கள். தலைக்கு மேலே விமானப்படை விமானங்களின் இரைச்சல்.

இத்தனையும் ஒரு காலத்தில் கம்பும் சோளமும் விளைந்த ஹவேலி தாலுகா. புணே நகரை நாலு பக்கமும் வளைத்துக் கிடக்கும் இந்தத் தாலுகாவை நகரம் உள்ளிருந்தே தின்றுகொண்டு வருகிறது. 1939-இல் பம்பாயின் பாதுகாப்புக்காக லோஹகாவ் நிலத்தில் விமானத் தளம் அமைந்தது. 2017-இல் லோஹகாவும் 2021-இல் வாகோலியும் மாநகராட்சியில் சேர்ந்தன. ஊர்க்காரர்கள் ஏக்கரில் பேசுவதை விட்டுக் குண்டாவிலும் சதுர அடியிலும் பேசுகிறார்கள். இங்கே இப்போது கடன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வீட்டுக் கடன்.

ஆனால் இந்த மண்ணில் கடன் வெறும் பணவிஷயமாக இருந்ததில்லை. அது ஆண்டவன் சன்னதிக்குப் போயிருக்கிறது, ஆற்றில் விழுந்திருக்கிறது, தெருவில் எரிந்திருக்கிறது, நீதிபதியின் மேசைக்கும் பட்ஜெட் உரைக்கும் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்த கேள்வி ஒன்றுதான். ஒருவன் பட்ட கடனை இல்லை என்று ஆக்கும் உரிமை யாருக்கு?

பூகோளத்திலிருந்து தொடங்குவதே நியாயம், ஏனென்றால் கடன் இங்கே மழையில் பிறக்கிறது. மேற்கே சஹ்யாத்ரி உச்சியில் லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழை, புணேக்கு வரும்போது 700 அளவுக்கு இறங்கிவிடுகிறது. இன்னும் கிழக்கே தவுண்ட், பாராமதி, இந்தாப்பூர் பக்கம் போனால் 500 கிடைத்தாலே நல்ல வருஷம். மலையில் பிறந்த இந்திராயணி தேஹுவையும் ஆளந்தியையும் தொட்டுக்கொண்டு துளாப்பூரில் பீமா ஆற்றோடு கலக்கிறது. மேகம் மலையிலேயே காலியாகிவிட்டால் சமவெளிக்காரன் விதைத்ததும் போச்சு, விதைக்கு வாங்கியதும் போச்சு. ஆகவே மேட்டுநிலத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் கிணறு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் வட்டிக்கடை.

துக்காராம் அப்படி ஒரு வட்டிக்கடை வீட்டுப் பிள்ளை. சாதியில் குன்பி, தொழிலில் தானிய வியாபாரம். தேஹு சந்தையின் மஹாஜன் பொறுப்பும் குடும்பத்துக்கு உண்டு. நிலம் இருந்தது, கொடுக்கல் வாங்கல் இருந்தது, பரம்பரையாகப் பூசை செய்த விட்டல் கோயிலும் இருந்தது. அண்ணன் சாவ்ஜி வீட்டைவிட்டுப் போனதால் சுமை துக்காராம் தலையில் விழுந்தது. பிறகு 1630-இல் தொடங்கிய பஞ்சம் வந்தது. குஜராத்தையும் தக்காணத்தையும் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் அவருடைய மூத்த மனைவி ரக்குமாபாய் சோறில்லாமல் இறந்தார். மகனும் போனான். வியாபாரம் நொடித்தது. துக்காராமுக்கு ஊரில் வரவேண்டிய பாக்கியும் இருந்தது, அவர் தரவேண்டிய பாக்கியும் இருந்தது. பஞ்ச காலத்து வட்டிக்காரன் நிலை பெரும்பாலும் அதுதான்.

அவர் ஊரைவிட்டு மலைக்குப் போய் உட்கார்ந்தார். பாமசந்திர மலை என்று பெயர். இன்று அதன் அடிவாரத்தில் சாகண் தொழிற்பேட்டை வந்துவிட்டது. தம்பி கான்ஹோபா தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தபோது இருவரும் இந்திராயணிக் கரையில் நின்று ஒரு காரியம் செய்தார்கள். வீட்டிலிருந்த கடன் பத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னார் துக்காராம். எல்லாவற்றையும் ஆற்றில் போடவேண்டும் என்பது அவர் எண்ணம். தம்பி மறுத்தார், ‘நான் குடும்பஸ்தன், எனக்குப் பிழைப்பு வேண்டும்’ என்ற மாதிரி. உடனே கட்டு இரண்டாகப் பிரிந்தது. கான்ஹோபாவின் பாதி வீட்டுக்குத் திரும்பியது. துக்காராமின் பாதி ஆற்றில் போனது.

இந்தக் கதையை நமக்கு விரிவாகச் சொல்பவர் மஹிபதி, துக்காராமுக்கு நூறாண்டுக்குப் பிந்தியவர். அவருடைய ‘பக்தவிஜயம்’ 1762-இல் முடிந்தது. மஹிபதி தாஹராபாத் என்ற ஊரின் குல்கர்ணி, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை. பூசையில் இருந்தவரை உத்தியோக வேலைக்கு இழுத்தார்கள் என்று மனம் வெறுத்து, இனி அதிகாரிகளுக்காகப் பேனா பிடிப்பதில்லை என்று வேலையை விட்டவர் என்பது அவரைப் பற்றிய வழக்கு. கணக்குப்பிள்ளை எழுதிய பக்தர் கதை என்பதால்தானோ என்னவோ, பத்திரக் கட்டு சரிபாதியாகப் பிரிந்த விவரம் விட்டுப்போகவில்லை. வேறொருவர் எழுதியிருந்தால், ‘துக்காராம் எல்லாக் கடனையும் தள்ளினார்’ என்று பெருமை பேசி முடித்திருப்பார். கதாகாலட்சேபத்திலும் சினிமாவிலும் நடந்தது பெரும்பாலும் அதுதான்.

அந்தப் பாதிதான் விஷயம். துக்காராம் தனக்குச் சேரவேண்டியதை மட்டுமே தள்ளுபடி செய்தார். தம்பியின் பங்கை, எவ்வளவு நல்ல காரியத்துக்காகவும், தொடவில்லை. ஒரே ஊரில், ஒரே பஞ்சத்தில் அடிபட்ட இரண்டு உழவர்களில் ஒருவன் பத்திரம் அண்ணன் பாதியில் இருந்ததால் தப்பித்தான். மற்றவன் பத்திரம் தம்பி பாதியில் இருந்ததால் மாட்டிக்கொண்டான். கருணை என்ற பெயரில் நடந்த இந்தக் காரியம் சமநீதி இல்லை. ஆனால் கருணைக்கு வேறு வழியும் இல்லை, நஷ்டப்படுகிறவன்தானே மன்னிக்க முடியும்.

தர்மசாஸ்திரங்களின் உலகத்தில் இதற்கு இன்னும் கனம் அதிகம். கடனைத் தீர்க்காமல் இறந்தவன் கொடுத்தவன் வீட்டில் அடிமையாகவோ மாடாகவோ பிறந்து உழைத்துக் கழிப்பான் என்று அவை எச்சரித்தன. அப்பன் கடன் மகனையும் பேரனையும் தொடரும் என்றன. எனவே துக்காராம் ஆற்றில் போட்டது அந்த வருஷத்துப் பாக்கியை மட்டுமல்ல, அந்த உழவர்களின் அடுத்த பிறவிப் பாக்கியையும்தான். அப்படி விடுவிக்கும் அதிகாரம் கடன் கொடுத்தவன் ஒருவனுக்கே உண்டு, ராஜாவுக்குக்கூடக் கிடையாது. அதே சாஸ்திரங்கள் வட்டிக்கு ஒரு கடிவாளமும் போட்டிருந்தன. ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி அசலைத் தாண்டக்கூடாது. மராத்தியில் இதைத் தாம்துப்பட் என்பார்கள். பம்பாய் நீதிமன்றங்கள் பிரிட்டிஷ் காலத்திலும் இந்துக்களிடையே இந்த விதியை ஒப்புக்கொண்டன.

பின்னாளில் துக்காராமின் பாட்டுகளும் இந்திராயணிக்குள் போயின. 13 நாள் அவர் கரையில் பட்டினி கிடக்க, சுவடிகள் நனையாமல் மிதந்து வந்தன என்பது ஐதிகம். கவிதையைத் திருப்பித் தந்த ஆறு பத்திரங்களைத் திருப்பித் தரவில்லை. ஆறு சரியான விமரிசகர்தான்.

இருநூற்றைம்பது ஆண்டு கழித்து, இதே புணே மாவட்டத்தில் இன்னொரு விதமாகப் பத்திரங்கள் அழிந்தன. 1875 மே 12, சந்தை நாள். அன்றைய பீம்தடி தாலுகாவில், இன்றைய பாராமதி தாலுகாவில் இருக்கும் சூபே என்ற ஊரில் உழவர்கள் திரண்டு மார்வாடி, குஜராத்தி வட்டிக்காரர்களின் கடைகளுக்குள் புகுந்தார்கள். கணக்குப் புத்தகங்களையும் பத்திரங்களையும் தெருவில் போட்டு எரித்தார்கள். கலகம் பக்கத்து ஊர்களுக்கும் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. இதற்கு முன்னோட்டம் சிரூர் தாலுகாவின் கர்டே கிராமத்தில் நடந்த பகிஷ்காரம். அங்கே நாவிதர், வண்ணார், தண்ணீர் சுமப்பவர் எல்லாரும் வட்டிக்காரருக்கு வேலை செய்ய மறுத்துவிட்டார்கள்.

இந்த நெருப்புக்கு விறகு அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் மிகையில்லை. 1861-இல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியதும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றுபோனது. பம்பாய் வியாபாரிகள் தக்காணத்து உழவனைத் தேடிவந்து, பருத்தி விதைக்க ஏக்கருக்கு 100 ரூபாய் வரை முன்பணம் கொடுத்தார்கள். 1865-இல் போர் முடிந்தது. அமெரிக்கப் பஞ்சு திரும்பி வந்தது, விலை விழுந்தது, கடன் கதவு சாத்திக்கொண்டது. அதே நேரத்தில் முப்பதாண்டு நிலவரித் தவணை முடிந்து, 1867-இல் இந்தாப்பூரில் தொடங்கிய மறுநிர்ணயம் சில இடங்களில் வரியை 50 முதல் 100 சதவீதம் வரை ஏற்றியது. தூரத்து ஜார்ஜியாவிலும் மிசிசிப்பியிலும் அதே ஆண்டுகளில் விடுதலை பெற்ற கறுப்பின உழவர்கள் கிராமத்துக் கடைக்காரரிடம் விளையாத பருத்தியை அடகு வைத்து மாவும் பன்றிக்கறியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பீமா நதிக்கரைக்காரனும் மிசிசிப்பிக் கரைக்காரனும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே சந்தையின் இரண்டு ஓரங்களில் கடனாளி ஆனார்கள்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. கடன் பத்திரம் மூன்றாண்டுக்குத்தான் செல்லும் என்று 1859-இல் ஒரு சட்டம் வந்தது, வட்டி குட்டி போடாமலிருக்க. வட்டிக்காரர் மூன்றாண்டு முடிவதற்குள் புதுப் பத்திரம் எழுதி வாங்கினார். பழைய அசலும் ஏறிய வட்டியும் சேர்ந்து புதுப் பத்திரத்தின் அசல் ஆயின. உழவனைக் காக்க வந்த சட்டமே மூன்றாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலாக்கித் தந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவன் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தான்.

கலகக்காரர்கள் பத்திரங்களைத்தான் கேட்டார்கள். பல ஊர்களில், பத்திரம் கைக்கு வந்ததும் வட்டிக்காரர் மேல் கைவைக்காமல் போய்விட்டார்கள். கொள்ளையடிக்க வந்த கூட்டம் பெட்டியில் உள்ள வெள்ளியைக் கேட்கும். இவர்கள் கேட்டது காகிதம். அதையும், முடிந்தவரை, கொடுத்தவன் கையாலேயே கொடுக்கவைத்தார்கள். கத்தியைக் காட்டி வாங்கிய மன்னிப்பு மன்னிப்பாகாது என்று சாஸ்திரிகள் சொல்லலாம். ஆனால் கொடுத்தவன்தான் விடவேண்டும் என்ற பழைய எண்ணம் அந்தக் கோபத்துக்குள்ளும் கலையாமல் இருந்திருக்கிறது.

அரசாங்கம் ஒரு கமிஷன் வைத்து விசாரித்தது. 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. புணே, சதாரா, சோலாப்பூர், அகமதுநகர் என்று நான்கு மாவட்டங்களுக்கு. கடனுக்காக உழவனைச் சிறையில் போடுவது நின்றது. அதைவிடப் பெரிய மாற்றம், பத்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்காமல் அதற்குப் பின்னால் போய்ப் பார்க்கும் அதிகாரம் நீதிபதிக்குக் கிடைத்தது. முதலில் கைமாறிய பணம் எவ்வளவு? அதில் எது அசல், எது வட்டி, எது வட்டியின் வட்டி? எல்லாவற்றையும் அடியிலிருந்து எண்ணலாம்.

இந்தச் சட்டத்தின்கீழ் சிறப்பு நீதிபதியாக ஊர் ஊராகச் சுற்றிக் கோர்ட்டுகளைச் சோதித்தவர்களில் ஒருவர் மகாதேவ கோவிந்த ரானடே. பிரார்த்தனை சமாஜத்துக்காரர். துக்காராமின் பாட்டுகளை வைத்துப் பிரசங்கம் செய்தவர். துக்காராமைப் படித்த மனிதருக்கு மோசடிப் பத்திரங்களைப் பிரித்துக் கணக்குப் பார்க்கும் உத்தியோகம் வாய்த்ததை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும். இன்னொரு குறும்பும் உண்டு. 1867-இல் நிலவரியை ஏற்றத் தொடங்கிய அதே பம்பாய் அரசாங்கம்தான் துக்காராமின் பாடல்களைப் பதிப்பிக்க 24,000 ரூபாய் கொடுத்தது. 1869-இல் வந்தது அந்தப் பதிப்பு. கடனைத் தள்ளிய கவிக்கு அச்சும் மையும், அவருடைய ஊர்க்காரர்களுக்கு வரி நோட்டீசும்.

ரானடே செய்தது கருணை இல்லை, தணிக்கை. துக்காராம் ‘நீ தரவேண்டியது நியாயம்தான், ஆனாலும் வேண்டாம்’ என்றார். 1879-ஆம் ஆண்டுச் சட்டம் ‘நீ தரவேண்டியதே இவ்வளவு இல்லை’ என்றது. இரண்டும் உழவனின் சுமையைக் குறைக்கும். ஆனால் முதலாவதில் உழவன் நன்றிக்கடன் படுகிறான், இரண்டாவதில் யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை. சுயமரியாதை உள்ளவன் எதைக் கேட்பான்? மகானின் மனதை நம்பி உழவு செய்ய முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, கரடுமுரடான அந்தச் சட்டம் ஆற்றங்கரைக் காட்சியைவிட ஒரு படி மேல்.

ஆனால் சட்டத்துக்கும் விலை இருந்தது. கோர்ட்டு கணக்கைக் கிண்டும் என்று தெரிந்ததும் வட்டிக்காரர்கள் அடமானத்துக்குப் பதில் கிரயப் பத்திரமே எழுதிக் கேட்டார்கள். கடன் என்ற பேச்சே இல்லை, நிலத்தை விற்றதாகவே எழுதிக்கொடு, பணம் தந்தால் திருப்பி எழுதுகிறேன் என்று வாய்வார்த்தை. இது தக்காணத்துக்கு மட்டுமான தந்திரம் இல்லை. யூதர்களின் வேதம் ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்களை விட்டுவிடச் சொன்னது. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்க ஏழைக்குக் கடன் கொடுக்க ஆளில்லாமல் போனது. கடைசியில் ஹில்லேல் என்ற ரப்பி, கடன்களை நீதிமன்றத்தின் பெயருக்கு மாற்றி எழுதினால் அவை தள்ளுபடி ஆகாது என்று ஒரு வழி கண்டார். வேதத்தைச் சுற்றிக்கொண்டு போன அந்த வழியை ஏழைகளுக்காகவே திறந்ததாகச் சொன்னார்கள். குர்ஆன் கட்டாயப்படுத்தவில்லை. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடு, விட்டுக்கொடுத்தால் உனக்கு இன்னும் நல்லது என்று கொடுத்தவனிடமே பேசுகிறது. இந்திராயணிக் கரைக்கு இந்தக் குரல் அந்நியமாகக் கேட்டிருக்காது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு வருஷம் உண்டு, 1938. ராஜாஜி முதலமைச்சராக இருந்த சென்னை மாகாணத்தில் விவசாயிகள் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற பழைய வட்டி ரத்து. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. தாம்துப்பட் என்ற பெயர் சொல்லாமல் அந்தக் கொள்கையே சட்டமாகியிருந்தது. அதே 1938-இல் முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்த ‘துக்காராம்’ தமிழ்ப் படமும் வெளிவந்தது. இரண்டு ஆண்டு முன்னால் புணே பிரபாத் நிறுவனம் எடுத்த மராத்திப் படம் வெனிஸ் விழா வரை போய்ப் பேர் வாங்கியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் முசிறியின் பாட்டில் கண்கலங்கி வெளியே வந்து, ராஜாஜியின் சட்டத்தைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கச் சாத்தியம் நிறைய.

சுதந்திர இந்தியாவில் மன்னிக்கிறவர் மாறிப்போனார். 2008 பிப்ரவரி 29 அன்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் பட்ஜெட்டில் 60,000 கோடி ரூபாய் அளவில் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். மகாராஷ்டிரம் 2017-இல் சத்ரபதி சிவாஜி பெயரில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையும், 2019-இல் மகாத்மா ஜோதிராவ் புலே பெயரில் இரண்டு லட்சம் வரையும் தள்ளியது. மன்னிப்பது அரசு, நஷ்டம் கஜானாவுக்கு, புகழ் அமைச்சருக்கு. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதானே என்று வரி கட்டுகிறவர் முணுமுணுப்பதில் பொருளில்லாமல் இல்லை. தன் பாதியை மட்டும் ஆற்றில் போட்டவரின் அளவுகோலில் பார்த்தால் இதைத் தருமம் என்று சொல்ல முடியாது.

ஆனால் தருமம் இல்லை என்பதாலேயே அநியாயம் என்று ஆகிவிடாது. கேட்கவேண்டிய கேள்வி ரானடே காலத்துக் கேள்விதான், அந்தக் கடன் எப்படி வந்தது? 2008 திட்டம் இதைக் கேட்கவில்லை. இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவனுக்கு முழுத் தள்ளுபடி, மேலே உள்ளவனுக்குச் சலுகை மட்டும் என்று கோடு போட்டது. நீரா வாய்க்கால் பாயும் பாராமதியில் இரண்டு ஹெக்டேர் கரும்பு என்றால் கை நிறையக் காசு. விதர்பாவின் மானாவாரியில் நான்கு ஹெக்டேர் பருத்திக்காரன் அவனைவிட ஏழை. எட்டு மடங்கு மழை வித்தியாசம் உள்ள புணே மாவட்டம் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால்கூட அப்படி ஒரு கோடு போடத் தோன்றியிருக்காது. அதோடு, தள்ளுபடி ஆனவை வங்கிக் கடனும் கூட்டுறவுக் கடனும் மட்டும். வங்கி வாசலை மிதிக்க முடியாமல் ஊர் வட்டிக்காரனிடம் வாங்கியவன் கடன் கான்ஹோபாவின் பாதியைப் போல அப்படியே வீட்டில் இருந்தது.

மகாராஷ்டிர உழவர் போராட்டங்களில் ஓயாமல் கேட்கும் கோஷம், ‘சாத்பாரா கோரா’, சாத்பாராவை வெற்றுத்தாள் ஆக்கு என்பது. சாத்பாரா என்பது நம் சிட்டா அடங்கலுக்கு ஈடானது. கிராமக் கணக்கின் 7-ஆம் படிவமும் 12-ஆம் படிவமும் ஒரே தாளில். மேல்பாதியில் சர்வே எண், பரப்பு, உரிமையாளர் பெயர், தீர்வை. கீழே எந்தப் பருவத்தில் என்ன பயிர், பாசனமா மானாவாரியா. உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘இதர உரிமைகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கக் கடன் வாங்கியதும் அதில் ‘போஜா’ என்று தொகையோடு ஏறும், சுமை என்று அர்த்தம். கடனைக் கட்டினால் அந்தப் பதிவை அழிக்கமாட்டார்கள். புதிய மாற்ற எண் போட்டு, பழையதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். மூன்று தலைமுறை நிலத்தின் சாத்பாராவில் அடைப்புக்குறிகளே பாதி இடத்தை அடைத்திருக்கும். ஆற்றில் விழுந்த பத்திரத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அந்த அடைப்புக்குறி அளவு. சர்க்கார் மன்னிக்கும், மறக்காது.

இந்த வாதம் முழுவதையும் தலைகீழாகப் புரட்டியவரும் இதே பகுதியில்தான் இருந்தார். அஞ்சல்துறை அதிகாரியாக இருந்து, ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் உலக அஞ்சல் ஒன்றியத்தில் வேலை பார்த்த சரத் ஜோஷி அதை விட்டுவிட்டு, 1977-இல் சாகண் அருகே ஆம்பேட்டாண் கிராமத்தில் மானாவாரி நிலம் வாங்கினார். துக்காராம் போய் உட்கார்ந்த மலை அங்கிருந்து தூரமில்லை. உருளையும் வெங்காயமும் போட்டுப் பார்த்து, கணக்கு எழுதி, கண்டது இது. நன்றாக உழைத்து நன்றாக விளைத்தாலும் உழவனுக்குக் கடன்தான் மிஞ்சுகிறது, ஏனென்றால் நகரத்துக்கு மலிவாகச் சோறு போடுவதற்காக அரசு விலையைக் கீழே பிடித்துவைக்கிறது. 1978-இல் சாகண் வெங்காயப் போராட்டம், பிறகு ஷேத்கரி சங்கடனா என்ற உழவர் இயக்கம். ஜோஷியின் தர்க்கம் எளிது. விலையில் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதைக் கூட்டினால் அரசுதான் நமக்குக் கடனாளி. கொடுத்தவன் நாமாக இருக்கும்போது மன்னிப்புக் கேட்டு நிற்பது ஏன்? பாக்கியைத்தான் கேட்கவேண்டும்.

சாஸ்திரமும் சட்டமும் தொடாத இடத்தை இந்த வாதம் தொடுகிறது. ‘யார் மன்னிக்கலாம்’ என்று கேட்பவர்கள் எல்லாரும், யார் கொடுத்தவர் யார் வாங்கியவர் என்பது தெரிந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஜோஷி அந்த அஸ்திவாரத்தையே கேட்டார். அவர் சொன்ன சந்தைப் பொருளாதாரத்தை ஏற்காதவர்கள் உண்டு, அதற்குக் காரணங்களும் உண்டு. வெங்காய விலை ஏறினால் அதே ஊரில் நிலமில்லாத கூலிக்காரியின் சட்டியில் வெங்காயம் குறையும். அவளுடைய பாக்கியை யார் பெயரில் எழுதுவது என்பதற்கு அந்தக் கணக்கில் கட்டம் இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது.

அந்தக் கேள்வியை வீட்டுக்குள் கொண்டுபோனால் ஆவளி எதிரே நிற்பார். துக்காராமின் இரண்டாவது மனைவி ஜிஜாபாய்க்கு ஊர் வைத்த பேர் ஆவளி. மலைமேல் நாமம் சொல்லிக்கொண்டிருக்கும் கணவனுக்குச் சோறு சுமந்து போனவர். வரவேண்டிய காசை ஆற்றில் போட்டுவிட்ட மனிதனோடு குழந்தைகளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியவர். பக்தர் கதைகள் அவரை வாயாடியாக, விட்டலனைத் திட்டுகிறவராக, சிரிப்பு மூட்டுகிறவராகக் காட்டின. கதையை மறுபக்கத்திலிருந்து பார்த்தால், அண்ணன் தம்பி இருவர் ஆற்றங்கரையில் பங்கு பிரித்தபோது ஆவளி பங்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தம்பியின் சம்மதமில்லாமல் தம்பி பங்கைத் தொடாத நேர்மை, மனைவியின் சம்மதமில்லாமல் அவள் சோற்றைத் தொட்டது. ‘தன் பாதி’ என்று துக்காராம் நினைத்தது முழுக்க அவருடையதா?

1986-இல் சாந்த்வடில் பெரிய பெண்கள் மாநாடு கூட்டிய ஷேத்கரி சங்கடனா, 1990-ஐ ஒட்டி லக்ஷ்மி முக்தி என்று ஓர் இயக்கம் நடத்தியது. உழவர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை மனைவி பெயருக்கு மாற்றி எழுதவேண்டும். உழைப்புக்கு விலை தா என்று சர்க்காரிடம் சண்டை போடுகிறவன் வீட்டுக்காரியின் உழைப்புக்கு என்ன விலை தந்தான் என்பது அதன் வாதம். பல ஊர்களில் எழுதிக் கொடுத்தார்கள், பல ஊர்களில் கைதட்டிவிட்டுப் போனார்கள். 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் மகளுக்கும் மகனுக்குச் சமமாகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை தந்தது. அதே திருத்தம், அப்பன் கடனை மகன் தீர்த்தே ஆகவேண்டும் என்ற சாஸ்திரக் கடமையையும் கோர்ட்டு இனி ஏற்காது என்று முடித்துவைத்தது. கடன் அடுத்த பிறவி வரை தொடரும் என்ற நம்பிக்கைக்குச் சட்டப் புத்தகத்தில் இருந்த கடைசி நிழலும் அப்படிப் போனது.

சாத்பாராவின் ‘போஜா’ மட்டும் நிலத்தோடு போகிறது. கணவன் கடன் தொல்லையில் உயிரை மாய்த்துக்கொண்ட வீடுகளில், நிலம் இன்னும் மாமனார் பெயரிலோ இறந்தவர் பெயரிலோ இருந்தால், பழைய கடன் தள்ளுபடி ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பருவத்துப் பயிர்க்கடன் கிடைப்பதில்லை. உரிமையாளர் கட்டத்தில் பெயர் ஏறவேண்டும், அதற்குக் கிராம நிலக்கணக்கு அதிகாரியான தலாட்டியிடம் வாரிசு மனு கொடுக்கவேண்டும், மற்ற வாரிசுகள் ஒத்துக்கொள்ளவேண்டும். மைத்துனன்மார் கையெழுத்துப் போட மறுத்தால் வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்குள் விதைப்பு வந்துவிடும், விதைக்கு அவள் போகிற இடம் மறுபடி ஊர் வட்டிக்காரன் வீடு.